லாரி வராத ரஸ்தா

உங்களில் எத்தனை பேருக்குச் சைக்கிள் விடத் தெரியும்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். சரி. "தெரியும், ஆனால் விட்டு வெகுநாள் ஆயிற்று" என்கிறவர்கள்? அடேயப்பா, இப்போது பாருங்கள், எத்தனை கைகள்! நானும் அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவள்தான்.

கல்லூரி நாட்களில் தினம் ஆறு மைல் மிதித்தவள் நான். பத்திரிகை வேலைக்கு வந்த பிறகும் இரண்டு வருஷம் ஆபீசுக்குச் சைக்கிளில்தான் போய் வந்தேன். ஒருநாள் மாலை, மணல் லாரி ஒன்று பக்கத்தில் உரசிக்கொண்டு போயிற்று. என் மேல் படவில்லை. ஹாண்டில்பாரின் நுனியைத் தொட்டது, அவ்வளவுதான். அதற்கே நான் நடைபாதை ஓரத்தில் போய் விழுந்தேன். முழங்காலில் நாலு தையல். லாரிக்காரர் நிற்கவே இல்லை. தையல் பிரித்த மறுநாள் சைக்கிளை மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தினேன். பதினோரு வருஷம் அது அங்கேயே நின்றது. வீட்டில் உள்ளவர்கள் அதன் மேல் ஈரத் துண்டு உலர்த்தப் பழகிக்கொண்டார்கள்.

இப்படிப்பட்டவள் சென்ற ஜூன் மாதம் இங்கிலாந்து தேசத்தில் இரண்டு நாள் சைக்கிள் யாத்திரை செய்துவிட்டு வந்தேன் என்றால் நீங்கள் நம்பவேண்டும். தனியாக அல்ல, துணைக்கு அக்கா இருந்தாள்.

அக்கா என்றால் பெரியம்மா பெண். பிரிஸ்டல் நகரத்தில் குடியேறி இருபது வருஷம் ஆகிறது. அத்தானுக்கு ஆஸ்பத்திரியில் உத்தியோகம். அக்கா கல்யாணத்துக்கு முதல் வாரம் வரை திருச்சியில் சைக்கிள் விட்டவள். பிறகு விடவில்லை. ஏன் என்று கேட்டால், "யாரும் விடாதே என்று சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை" என்பாள். அவள் மகள் கல்லூரிக்குப் போய்விட்டதால் அவளுடைய சைக்கிள் தோட்டத்துக் கொட்டகையில் சும்மா இருந்தது.

"நம் வீட்டிலிருந்து பாத் நகரம் வரைக்கும் ஒரு பாதை இருக்கிறதாமே, காரே வராதாமே?" என்று நான்தான் பேச்சை எடுத்தேன்.

"இருக்கிறது. நாய் கூட்டிக்கொண்டு நடப்பார்கள். நான் காரில் போகும்போது பாலத்து மேலிருந்து பார்த்திருக்கிறேன்" என்றாள் அக்கா.

"போவோமா?"

"ஏண்டி, இந்த வயசில் விழுந்து தொலைத்தால்?"

"நீ விழுந்தால் அத்தான் ஆஸ்பத்திரி இருக்கிறது. நான் விழுந்தாலும் அதே ஆஸ்பத்திரிதான்."

அவள் சிரித்துவிட்டாள். ஒரே நிபந்தனை போட்டாள்: "ஒரு லாரி கண்ணில் பட்டால்கூட நான் அங்கேயே திரும்பிவிடுவேன்." அந்த நிபந்தனையை நான்தான் போட்டிருக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்தேன்.

எனக்கு வாடகைக்கு ஒரு சைக்கிள் கிடைத்தது. அதைத் தொட்டதும் நம் வீட்டு மாடிப்படிச் சைக்கிளின் ஞாபகம் வந்தது. என்னுடையது பி.எஸ்.ஏ. அந்த மூன்று எழுத்து பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்த ஒரு கம்பெனியின் பெயர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஹெர்குலிஸ் என்பதும் பர்மிங்ஹாமில் பிறந்த பெயர்தான். 1949ல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியும் நம் முருகப்பா குடும்பத்தாரும் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள் கம்பெனியை ஆரம்பித்தார்கள். அம்பத்தூர் தொழிற்சாலை வழியாக அந்தப் பெயர்கள் நம் வீட்டு வாசல் வரை வந்து சேர்ந்தன. ஆக, சைக்கிள் இங்கிலாந்திலிருந்து நம்மிடம் வந்தது. நான் அங்கே போய் அதை விட்டேன்.

இனி பாதையின் கதைக்கு வருகிறேன்.

பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் இடையே ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் ஒன்று ஓடுகிறது. நான் சொல்வது வேறொரு பழைய லயன். 1963ல் பீச்சிங் என்ற டாக்டர் ஒரு அறிக்கை கொடுத்தார். வைத்திய டாக்டர் அல்ல. பௌதிக சாஸ்திரம் படித்து, ரசாயனக் கம்பெனியில் பெரிய பதவி வகித்து, பிறகு ரயில்வேக்குத் தலைவராக வந்தவர். நஷ்டத்தில் ஓடும் ரயில்களை நிறுத்திவிட வேண்டும் என்றார் அவர். 2,363 ஸ்டேஷன்களையும் சுமார் 5,000 மைல் ரயில் பாதையையும் மூடச் சொன்னார். கிராமம் கிராமமாக அழுதார்கள். சந்தைக்குப் போகும் பெண்களும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும், கார் வாங்க வசதியில்லாதவர்களும்தான் அந்த ரயில்களை நம்பியிருந்தவர்கள். அவர் சொன்னதெல்லாம் மூடப்படவில்லை; ஆனாலும் மூடியது கொஞ்சநஞ்சமல்ல. பாத் நகரின் கிரீன் பார்க் ஸ்டேஷனுக்கு வந்துகொண்டிருந்த இரண்டு லயன்களிலும் ஒரே நாளில், 1966 மார்ச் 7ந் தேதி, பிரயாணிகள் ரயில் நின்றுபோயிற்று. அந்த இரண்டு லயன்களின் மேலும்தான் நாங்கள் இரண்டு நாள் சைக்கிள் விட்டோம்.

தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது முள்ளும் புதரும்தான். 1977ல் பிரிஸ்டலில் சில பேர் சேர்ந்து சைக்கிள்காரர்களுக்காக ஒரு சங்கம் வைத்தார்கள். 'சைக்கிள்பேக்' என்று பெயர். ஜான் கிரிம்ஷா என்ற எஞ்சினீயர் அவர்களில் முக்கியமானவர். சர்க்காருக்கு மகஜர் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை அவர்கள். 1979ல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தாங்களே பாத் பக்கத்திலிருந்து பாதை போட ஆரம்பித்துவிட்டார்கள். முள்ளை வெட்டி, கல்லைப் பரப்பி, சமன்படுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே போனார்கள். 13 மைல் பாதை முழுவதும் முடிந்தது 1986ல். அந்தச் சங்கம் பிற்பாடு 'சஸ்ட்ரான்ஸ்' என்ற தர்ம ஸ்தாபனமாக வளர்ந்து, தேசம் பூராவும் சைக்கிள் பாதைகளை இணைக்கும் வேலையை எடுத்துக்கொண்டது.

ஒரு சந்தேகம் உங்களுக்கு வரும், எனக்கும் வந்தது. பதினோரு வருஷம் மிதிக்காத காலும் இருபத்து நாலு வருஷம் மிதிக்காத காலும் மேட்டில் ஏறுமா? ரயில் பாதையின் ரகசியமே அங்கேதான் இருக்கிறது. ரயில் எஞ்சின் செங்குத்தான மேட்டில் ஏறாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கிவிடும். அதனால் அந்தக் காலத்து எஞ்சினீயர்கள் குன்றைக் குடைந்தார்கள், பள்ளத்தை நிரப்பினார்கள், ஆற்றுக்குப் பாலம் போட்டார்கள். நீராவி எஞ்சினுக்காகச் செய்த அத்தனை உபசாரமும் இப்போது நம் முழங்காலுக்குக் கிடைக்கிறது. பாதை ஏறுவது கண்ணுக்கே தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து மூச்சு வாங்கும், அப்போதுதான் "ஓகோ, ஏறியிருக்கிறோம்" என்று தெரியும்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். முதல் கால் மணியைப் பற்றி விஸ்தாரமாக எழுத மாட்டேன். அக்கா இரண்டு தடவை வேலியில் சாய்ந்தாள். நான் ஒரு தடவை நாய் ஒன்றிடம் மன்னிப்புக் கேட்டேன். நகரத்தின் கொல்லைப்புறம் வழியாகவே பாதை போகிறது: துணி காயும் கொடிகள், சுவரில் சித்திரங்கள், மூக்கால் நிற்கும் ஒரு பெரிய மீன் சிற்பம். பிறகு ஸ்டேபிள் ஹில் என்ற இடத்தில் ஒரு குகை. கால் மைலுக்குச் சற்று அதிகம். விளக்குப் போட்டிருக்கிறார்கள். உள்ளே மேலிருந்து ஒரு சொட்டு ஜலம் அக்காவின் கழுத்தில் விழுந்தது. அவள் போட்ட கூச்சலில் எதிரே வந்த ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார்.

குகையைத் தாண்டிச் சிறிது தூரத்தில் மாங்கட்ஸ்ஃபீல்டு ஸ்டேஷன். ஸ்டேஷன் என்றா சொன்னேன்? பிளாட்பாரம் இருக்கிறது, சுவர் இருக்கிறது, ஜன்னல் வைத்திருந்த துவாரம் இருக்கிறது. கூரை இல்லை. புல் முளைத்திருக்கிறது. நாங்கள் பிளாட்பாரத்தின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அக்கா கொண்டுவந்த இட்லியைச் சாப்பிட்டோம். ரயில் வருமா என்று இரண்டு பேருமே ஒரு தடவை திரும்பிப் பார்த்தோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

அங்கேதான் நான் முதல் முதலாக அந்த அமைதியைக் கவனித்தேன். அமைதி என்றால் சத்தமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். சத்தத்துக்குக் குறைவில்லை. சைக்கிள் சங்கிலி 'டிக் டிக்' என்கிறது. டயர் பொடிக்கல்லில் நறநறக்கிறது. பெயர் தெரியாத குருவி ஒன்று தலைக்கு மேலே வாயடிக்கிறது. யாரோ பின்னால் 'கிணிங்' என்று மணி அடிக்கிறார்கள். ஒதுங்கினால் "தாங்க் யூ" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒரே ஒரு சத்தம்தான் இல்லை. பின்னால் வருகிற மோட்டார் சத்தம். அது இல்லாமற்போனதும் என் தோள்பட்டை தானாகக் கீழே இறங்கிற்று. அதுவரை காதுக்குப் பக்கத்தில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன் என்பதே எனக்குத் தெரியாது.

பிட்டன் என்ற ஊரில் பழைய நீராவி ரயில்களைச் சில அன்பர்கள் பாதுகாத்து ஓட்டுகிறார்கள். கொஞ்ச தூரம் பாதைக்குப் பக்கத்திலேயே தண்டவாளம் வருகிறது. அங்கே டீ குடிக்க நின்றோம். இருவரும் சல்வார் அணிந்திருந்தோம். துப்பட்டாவை அக்காவின் யோசனைப்படி வீட்டிலேயே விட்டு வந்தோம். சகோதரிகளே, இதை மட்டும் மறக்க வேண்டாம், துப்பட்டாவும் சைக்கிள் சக்கரமும் ஜன்மப் பகை. சல்வாரின் கால் பக்கத்தை கிளிப் போட்டு இறுக்கியிருந்தோம். டீக்கடையில் யாரும் எங்களை ஏற இறங்கப் பார்க்கவில்லை. ஒரு காலத்தில் இதற்கே கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள் தெரியுமா?

1898 அக்டோபரில் நடந்த விஷயம் இது. ஹார்பர்ட்டன் சீமாட்டி என்று ஒரு அம்மாள், ஐம்பது வயதைத் தாண்டியவர், சர்ரே ஜில்லாவில் ஆக்கம் என்ற கிராமத்துக்குச் சைக்கிளில் வந்து சேர்ந்தார். தரையைக் கூட்டும் பாவாடைக்குப் பதிலாக முழங்காலுக்குக் கீழே இறுக்கிய தொளதொள கால்சட்டை அணிந்திருந்தார். ஹாட்பாய் என்ற ஹோட்டலில் காப்பி அறைக்குப் போனார். ஹோட்டல்கார அம்மாள் பார்த்தாள். "இந்த உடுப்போடு இங்கே உட்கார முடியாது, வேண்டுமானால் மது விற்கும் இடத்தை ஒட்டிய அறையில் உட்காரலாம்" என்றாள். அங்கே ஆண்கள் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சீமாட்டி சாப்பிடாமல் வெளியேறினார்.

சைக்கிள் யாத்திரிகர்களுக்கு 1878லேயே ஒரு கிளப் ஏற்பட்டிருந்தது. இறக்கை முளைத்த சக்கரம் அதன் சின்னம். கிளப்போடு ஒப்பந்தம் செய்த விடுதிகளின் வாசலில் அந்தச் சின்னம் தொங்கும். வழிப்போக்கருக்கு உணவு மறுத்தார்கள் என்று கிளப்பே வழக்குத் தொடுத்தது. 1899ல் தீர்ப்பு. ஜூரிகள் என்ன சொன்னார்கள்? உட்கார இடம் கொடுக்கத்தான் கொடுத்தார்கள், ஆகவே ஹோட்டல்கார அம்மாள் குற்றவாளி அல்ல! சீமாட்டி பக்கம் தோற்றுவிட்டது. எனக்கு இதில் ஆச்சரியம் என்னவென்றால், கதவை மூடியவளும் ஒரு பெண்பிள்ளைதான். நம் ஊரில் இருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று அக்கா சொன்னாள். நான் மறுக்கவில்லை.

இன்னொரு பெண்மணியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பில்லி ஃபிளெமிங் என்று பெயர். 1938ம் வருஷம் ஜனவரி முதல் தேதி சைக்கிளில் ஏறினார். டிசம்பர் 31 வரை ஒரு நாள்கூடத் தவறாமல் விட்டார். மழையிலும் விட்டார், பனியிலும் விட்டார். மொத்தம் 29,603.7 மைல். கணக்குப் போட்டுப் பார்த்தேன், நாளைக்கு 81 மைல் ஆகிறது. மூன்று கியர் உள்ள சாதாரண சைக்கிள்தான். உடம்பை ஆரோக்கியமாக வைத்துக்கொள்ளப் பெண்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்று காட்டவே அப்படிச் செய்தார். 2016ல்தான் வேறொரு பெண் அதை மிஞ்ச முடிந்தது. பில்லி அம்மாள் 2014ல் தம் நூறாவது வயதில் காலமானார். அவர் விட்டதெல்லாம் மோட்டார் போகும் ரஸ்தாக்களில்தான். ஆனால் 1938ல் அந்த ரஸ்தாக்களில் மோட்டார்கள் எத்தனை சொற்பம் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். பில்லி அம்மாளுக்குப் பெரும்பாலான ஊர்ப்புறத்தில் சும்மா கிடைத்ததை நாங்கள் இப்போது தேடிப்போய் அடைய வேண்டியிருந்தது.

பிட்டனுக்கு அப்பால் வயல்களும் ஆறும். ஏவன் நதி வளைந்து வளைந்து வருகிறது. ரயில் பாதை நேராகப் போகிறது. ஆகவே ஆற்றைத் திரும்பத் திரும்பத் தாண்டுகிறோம். ஒவ்வொரு பாலத்திலும் அக்கா இறங்கி நின்றாள். வேடிக்கை பார்ப்பதற்கு என்றாள். உட்கார்ந்த இடம் வலித்தது என்று எனக்குத் தெரியும், ஏனெனில் எனக்கும் வலித்தது. சாயங்காலம் நாலு மணிக்குப் பாத் நகரம். 13 மைலுக்கு ஏழு மணி நேரம்! நடந்திருந்தாலே வந்திருக்கலாம் என்று அத்தான் டெலிபோனில் சொன்னார். அக்கா டெலிபோனை வைத்துவிட்டாள்.

இந்தப் பாதைக்கும் ஆபத்து வராமல் இல்லை. அதன் மேல் பஸ் விடலாம் என்று ஒரு யோசனை கிளம்பி, 2008ல் ஊரே திரண்டு எதிர்த்தது. குழந்தைகளும் தள்ளுவண்டிகளும் ஊர்வலம் போயின. கடைசியில் அந்த யோசனையைக் கைவிட்டார்கள். மண்வெட்டியால் போட்ட பாதையை ஜனங்கள் தங்கள் கொல்லைப்புறமாகவே பாவிக்கிறார்கள் என்பதற்கு இது போதும்.

மறுநாள் காலை, மூடிய இரண்டு லயன்களில் இரண்டாவதின் மேல் போனோம். சாமர்செட் அண்ட் டார்செட் ரயில்வே என்பது அதன் பெயர். அதன் முதல் எழுத்துகளை வைத்து 'மெதுவும் அழுக்கும்' என்று அர்த்தம் வரும்படி ஆங்கிலத்தில் கேலி செய்வார்களாம். அபிமானிகள் அதே எழுத்துகளுக்கு 'வேகமும் ஆனந்தமும்' என்று பொருள் சொல்வார்களாம். பாத் நகரத்துக்குத் தெற்கே இந்த லயனில் இரண்டு குகைகள். நெடுநாள் அடைத்துக் கிடந்த இவற்றை ஊர்க்காரர்கள் முயற்சி செய்து 2013 ஏப்ரலில் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் திறந்தார்கள். முதல் குகை சின்னது. இரண்டாவது கூம் டௌன் குகை. 1,672 மீட்டர், அதாவது ஒரு மைலுக்கும் கூட.

வாசலில் நின்று உள்ளே பார்த்தேன். மறுபக்கம் தெரியவில்லை. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. சின்னச் சின்ன விளக்குகள் வரிசையாகப் போய் இருட்டில் மறைந்தன.

இந்தக் குகைக்கு ஒரு கதை உண்டு. புகை வெளியேற மேலே துவாரமே வைக்காமல் கட்டிய குகை அது. 1929 நவம்பரில் ஒரு சரக்கு ரயில் மிக மெதுவாக இதற்குள் ஊர்ந்து போனபோது, எஞ்சின் டிரைவரும் கரி போடுகிறவரும் புகையில் நினைவிழந்துவிட்டார்கள். ஓட்டுகிறவர் இல்லாமலேயே ரயில் குகையை விட்டு வெளியே வந்து, சரிவில் வேகம் பிடித்து, பாத் நகரின் சரக்கு ஸ்டேஷனில் போய்க் கவிழ்ந்தது. டிரைவரும் ஸ்டேஷனில் இருந்த இரண்டு பேரும் இறந்துபோனார்கள். இதை நான் முதல் நாள் ராத்திரி படித்திருந்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

அக்கா முன்னால் போய்விட்டாள். நான் பின்னால். நடுவில் எங்கிருந்தோ வயலின் போல மெல்லிய வாத்திய ஓசை. குகையின் நடுப்பகுதியில் அப்படி ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். அதைக் கடந்து சிறிது தூரம் போயிருப்பேன். பின்னால் ஒரு சத்தம். கடகடவென்று, சுவரெல்லாம் எதிரொலித்துக்கொண்டு, பெரிதாகிக்கொண்டே வந்தது. பதினோரு வருஷத்துக்கு முந்தைய அந்த மாலை அப்படியே திரும்பி வந்துவிட்டது. கை வியர்த்தது. காரே நுழைய முடியாத இடம் என்று மூளைக்குத் தெரியும், முழங்காலுக்குத் தெரியவில்லை. பிரேக்கைப் பிடித்துச் சுவரோடு ஒட்டி நின்றுவிட்டேன்.

கிணிங்!

ஒரு தகப்பனார் சைக்கிளில் வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு சக்கரத் தொட்டில் வண்டி ஒன்று மாட்டியிருந்தது. அதற்குள் ஒரு குழந்தை வாயில் விரலைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தொட்டில் வண்டியின் சத்தம்தான் குகைக்குள் அப்படி முழங்கியது. அதற்குப் பின்னால் ஆறு வயதுப் பெண் ஒருத்தி தன் குட்டிச் சைக்கிளில், நாக்கைக் கடித்துக்கொண்டு, முழு முனைப்போடு மிதித்து வந்தாள். என்னைப் பார்த்து, தாண்டிப் போகும்போது அவளும் மணி அடித்தாள்.

சைக்கிளில் ஏறினேன். அந்தப் பெண்ணுக்குப் பின்னாலேயே வெளிச்சம் வரைக்கும் போனேன். வெளியே அக்கா புல்லில் உட்கார்ந்திருந்தாள். "ஏண்டி இவ்வளவு நேரம்?" என்றாள். "பாட்டுக் கேட்டேன்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் மேலே கேட்கவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து காப்பி கொடுத்தாள்.

நடுவில் மிட்ஃபோர்டு கிராமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நிஜமான ரஸ்தாவில்தான் போயாக வேண்டும். மேடும் உண்டு. இங்கே ரயிலின் உபகாரம் கிடையாது, இறங்கித் தள்ளினோம். கிராமத்துச் சந்துகள் அங்கே எப்படி என்றால், இரண்டு பக்கமும் ஆள் உயர வேலி, ஒரு கார் போனால் இன்னொன்றுக்கு இடமில்லை. ஒரு கார் வந்தது. எங்களைத் தாண்டிப் போகாமல், அகலமான இடம் வரும் வரை நாங்கள் தள்ளுகிற வேகத்தில் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. அக்காவின் நிபந்தனை லாரிக்குத்தானே, காருக்கு இல்லையே. நாங்கள் திரும்பவில்லை.

"காரில்லாப் பாதை" என்ற விளம்பரத்தை அப்படியே நம்பிப் போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அந்தத் தேசிய சைக்கிள் பாதைகளில் பாதிக்கு மேல் இன்னும் சாதாரண ரஸ்தாக்களின் மேல்தான் போகின்றன. 2020ல் சஸ்ட்ரான்ஸ் ஸ்தாபனத்தாரே தங்கள் பாதைகளைப் பரிசீலனை செய்து, மோட்டார்கள் மிகுந்த பகுதிகள் என்று ஏறக்குறைய கால் பங்கைத் தங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். தாமே போட்ட பாதையைத் தாமே "இது சரியில்லை" என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? எனக்கு இதில் மரியாதை அதிகமாயிற்று. வரைபடம் பார்க்கும்போது எது தனிப் பாதை, எது ரஸ்தா என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒற்றையடிப் பாதை என்று கண்டதிலெல்லாம் சைக்கிளைத் திருப்பக்கூடாது. நடப்பவர்களுக்கு மட்டும் உள்ளது வேறு. குதிரைப் பாதைகளில் 1968ம் வருஷத்துச் சட்டப்படி சைக்கிளுக்கு இடமுண்டு. ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் நாம்தான் வழிவிட வேண்டும்.

மேட்டைத் தாண்டியதும் டண்டாஸ் என்ற இடம். அங்கே ஒரு பாலம். பாலத்தின் மேல் வண்டி போகவில்லை, வாய்க்கால் போகிறது! கீழே ஏவன் நதி, மேலே கால்வாய், கால்வாயில் படகு. கென்னட் அண்ட் ஏவன் கால்வாய் என்று பெயர். 1810ல் வெட்டி முடித்தது. ரயில் வந்து இதன் பிழைப்பைக் கெடுத்தது. தூர்ந்துபோய்க் கிடந்ததை ஜனங்கள் பல வருஷம் பாடுபட்டுச் சீர்திருத்தி, 1990ல் எலிஸபெத் மகாராணி வந்து மறுபடி திறந்து வைத்தார். படகை இழுக்கும் குதிரைகள் நடந்த கரையில்தான் இப்போது சைக்கிள்கள் போகின்றன. கால்வாய் ஜலம் மட்டமாக நிற்க வேண்டுமென்பதால் அங்கேயும் மேடு பள்ளம் இல்லை. வழி குறுகலானது, ஒரு பக்கம் ஜலம். மெதுவாகத்தான் போகவேண்டும். படகிலேயே குடித்தனம் நடத்துகிறார்கள் பலர். ஒரு படகின் கூரையில் கொத்தமல்லித் தொட்டி வைத்திருந்தார்கள். அக்கா நின்று, அந்த வீட்டுக்கார அம்மாளுடன் பத்து நிமிஷம் கொத்தமல்லியைப் பற்றிப் பேசினாள். ஒரு கட்டுப் பரிசும் கிடைத்தது. காரில் போயிருந்தால் கிடைத்திருக்குமா என்று வழியெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

சாயங்காலம் பாத் ஸ்டேஷனில் சைக்கிள்களோடு ரயில் ஏறினோம். முதல் நாள் ஏழு மணி நேரம் மிதித்து வந்த தூரத்தை அந்த ரயில் கால் மணிக்குள் கடந்து எங்களைப் பிரிஸ்டலில் இறக்கிவிட்டது. அத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். கொத்தமல்லிக் கட்டைப் பார்த்துவிட்டு, "இதற்காகவா இரண்டு நாள்?" என்றார். ராத்திரி ரசத்தில் போட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

போன வாரம் அக்காவிடமிருந்து தகவல் வந்தது. சனிக்கிழமைதோறும் பிட்டன் வரை போய் டீ குடித்துவிட்டு வருகிறாளாம். மகள் விடுமுறைக்கு வந்து தன் சைக்கிளைக் கேட்டாளாம். "நீ வேறு வாங்கிக்கொள்" என்று சொல்லிவிட்டாளாம்.

என் மாடிப்படிச் சைக்கிளுக்கு இரண்டு டயரும் புதிதாகப் போட வேண்டியிருந்தது. பிரேக் கட்டையும் மாற்றினேன். மணி மட்டும் பழையதுதான். எண்ணெய் விட்டதும் ஒலித்தது. விடியற்காலை ஐந்தரைக்குப் பால் பூத் வரைக்கும் போகிறேன். போக வர ஒன்றரை மைல். ஆறரைக்கு மேல் எங்கள் தெருவில் மணல் லாரி வரத் தொடங்கிவிடும், அதற்குள் திரும்பிவிடுகிறேன்.